படியைக் கவனிங்க

"மூணு வருஷமாக் கவனிக்கேன் சாமி. ஒண்ணும் வரல."

சாமி அதே தொண்டையில், அதே பெருமூச்சோடு திருப்பிச் சொன்னார்.

"மூணு வருஷமாக் கவனிக்கேன் சாமி. ஒண்ணும் வரல."

தெய்வநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். தன் குரலை வெளியே நின்று கேட்டால் இவ்வளவு அழுமூஞ்சியாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

மலையடிவாரத்து மடத்தில் அப்படித்தான். யார் பேசினாலும், பேசியவர் குரலிலேயே சாமியிடமிருந்து பதில் வரும். அதனால் எதிரொலிச் சாமி என்று பேர். சாமிக்கு வயது முப்பது இருக்கலாம். சீடர் தெய்வநாயகத்துக்கு அறுபத்தொன்று. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மெஸ் வைத்திருக்கிறார்.

"விடியக்காலையில எந்திரிச்சு, குளிச்சு, உக்காந்து மூச்சைக் கவனிக்கேன் சாமி. இன்னைக்கு மூச்சு வரல. இருதயராஜ் வாரான்."

"மூச்சையா கவனிக்கே?"

"ஆமா சாமி. நீங்க குடுத்த உபதேசம்தானே."

சாமி வாசல் வேப்பமரத்தைப் பார்த்தார்.

"இருதயராஜ் எதுக்கு வாரான்?"

"என் மெஸ்ல சப்ளையர் சாமி. பதினெட்டு வருஷமா நிக்கான். இன்னைக்கோட போயிருவானோ என்னமோ."

"சொல்லு."

தெய்வநாயகம் சொன்னார்.

அவர் மெஸ்ஸில் சாப்பிட்டு முடித்தவருக்குச் சின்னத் தட்டில் சோம்பு போட்டு, பில்லையும் வைத்துக் கொண்டுபோவார்கள். வாடிக்கைக்காரர் பில்லுக்கு மேல் ஏதாவது தட்டில் விட்டுப் போவார். ஊரெல்லாம் அதை டிப்ஸ் என்பார்கள். தெய்வநாயகத்தின் மெஸ்ஸில் அதற்குப் பேர் படி.

"சம்பளம்னு ஒரு பேருக்கு நான் குடுப்பேன். படி தட்டுல வரும். அப்படித்தான் பேச்சு. யாரும் வாய் திறந்து கேக்கக் கூடாது. அதுதான் மெஸ்ஸுக்கு மரியாதை."

"சரி."

"நேத்து மத்தியானம் இரும்புக்கடைச் சிதம்பரநாதன் அண்ணாச்சி சாப்பிட்டு எந்திரிச்சார். தட்டுல ஒண்ணும் வைக்கல. வாசலுக்குப் போயிட்டார். பின்னாலயே ஓடி, இருதயராஜ் கேட்டிருக்கான் சாமி. 'படியைக் கவனிங்க சார்'னு. எட்டு டேபிளும் நிறைஞ்ச நேரம்."

"அண்ணாச்சி என்ன சொன்னார்?"

"சத்தம் போட்டார். 'என்ன வே நாயகம், சோறு போடுதீரா, பிச்சைக்கு ஆள் விடுதீரா'ன்னு."

"என்ன வே நாயகம்!" என்று சாமி கத்தினார். "சோறு போடுதீரா, பிச்சைக்கு ஆள் விடுதீரா!"

வேப்பமரத்திலிருந்து இரண்டு காக்கைகள் எழுந்து போயின. அந்தக் குரலில் சிதம்பரநாதனின் தொப்பை முதற்கொண்டு தெரிந்தது. தெய்வநாயகத்துக்கு நேற்றுப் போலவே வேர்த்தது.

"நீ என்ன சொன்னே?"

"'அண்ணாச்சி, நாளைக்கு ஒரு மணிக்கு நீங்க சாப்பிட வாங்க. எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேப்பான். கேக்கலேன்னா அந்த வாசல் வழியா அவனும் போயிருவான்'னேன்."

சாமி அதையும் சொல்லிக் காட்டினார். பணிவு, குழைவு, கடைசி வார்த்தையில் ஒரு வெட்டு. தெய்வநாயகம் காதைப் பொத்திக்கொள்ள நினைத்து, கையைப் பாதியில் நிறுத்தினார்.

"இருதயராஜ் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல."

"நீ கேட்டியா?"

"கேக்க என்ன இருக்கு சாமி?"

"அவன் குரல் எனக்கு வரல. நீ பேசிக் காட்டு."

"நானா?"

"பதினெட்டு வருஷம் கேட்ட குரல்தானே."

தெய்வநாயகம் தொண்டையைச் செருமினார். தோளை லேசாகச் சாய்த்தார்.

"இட்லி, பொங்கல், பூரி, ரவா தோசை, ஊத்தப்பம், வடை சூடா இருக்கு. வேற என்ன சார்?"

"நல்லா வருதே. வேற?"

"மத்தியானத்துக்கு... சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர். வேற என்ன சார்?"

"வேற?"

தெய்வநாயகம் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"வேற ஒண்ணும் என்கிட்ட இல்ல சாமி."

சாமி எழுந்து தன் பாயைச் சுருட்டினார்.

"போய்க் கேட்டுட்டு வா."

*

பதினொரு மணி. மெஸ்ஸில் ஈ, காக்கை இல்லை. இருதயராஜ் டம்ளர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு தடவை மெதுவாகச் சொன்னார்.

"தப்புதான் சார். மன்னிச்சிருங்க."

அடுத்த டம்ளர்.

"தப்புதான் சார். மன்னிச்சிருங்க."

"இருதயம்."

"சொல்லுங்க முதலாளி. சரியாச் சொல்லிருவேன். பயப்படாதீங்க."

"அது கிடக்கட்டும். நேத்து நீ என்ன சொன்னே?"

"படியைக் கவனிங்க சார்னு சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்னே?"

இருதயராஜ் டம்ளரை வைத்துவிட்டு வாசலைக் காட்டினார்.

அங்கே ஒரு படி இருந்தது. கல் படி. முனை உடைந்து ஒரு வருஷம் ஆகிறது. மத்தியானக் கூட்டத்துக்கு நடுவில் கழுவிவிட்டால் வழுக்கும்.

"அப்பதான் தண்ணி ஊத்தியிருந்தோம். அவர் போன்ல பேசிட்டே போனார். விழுந்திருவாரேன்னு ஓடினேன்."

தெய்வநாயகம் படியைப் பார்த்தார். இருதயராஜைப் பார்த்தார். பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஏன்டா நேத்தே சொல்லல?"

"நீங்க கேக்கல."

"நான் கேக்கலேன்னா? வாய் இல்லையா?"

இருதயராஜ் துணியை உதறித் தோளில் போட்டார்.

"வரல முதலாளி. அவர் நினைச்சது முழுப் பொய்யா இருந்தா வந்திருக்கும். தட்டைக் கொண்டு வைக்கும்போதெல்லாம் நான் அவங்க முகத்தைத்தான் பாக்கேன். வாயைத் திறந்து கேக்கதில்ல. அவ்வளவுதான் வித்தியாசம்."



"வேற?" என்றார் தெய்வநாயகம்.

இருதயராஜ் திடுக்கிட்டுப் பார்த்தார்.

"அது நான் கேக்கது முதலாளி."

"இன்னைக்கு நான் கேக்கேன். வேற?"

"மழை பெஞ்சா ஆள் வராது. அன்னைக்கு வீட்டுக்குப் போனா என் வீட்டுக்காரி முகத்தைப் பாக்கமாட்டா. சட்டைப் பையைத்தான் பாப்பா."

"வேற?"

"தட்டுல வைக்கவங்களுக்குக் கூட்டு ஒரு கரண்டி கூடப் போகுது. வைக்காதவங்களுக்குக் கை தன்னால குறையுது. சின்னப் பிள்ளையோட வந்த ஒரு அம்மாவுக்குப் போன வாரம் அப்பளம் கொண்டுபோக மறந்துட்டேன். மறந்தேனான்னு இன்னும் தெரியல." அவர் டம்ளரை எடுத்து மறுபடி துடைத்தார். "அந்தக் கை எனக்குப் பிடிக்கல முதலாளி."

"உனக்கு என்ன வேணும்?"

"தட்டைப் பாக்காம வீட்டுக்குப் போகணும்."

"அதுக்கு எவ்வளவு?"

இருதயராஜ் சொன்னார். தெய்வநாயகத்துக்கு மூச்சு ஒரு முறை நின்று வந்தது. இந்தத் தடவை அவர் அதைக் கவனிக்கவில்லை.

"சாப்பாட்டுக்குப் பத்து ரூபா ஏத்தணும்டா."

"ஏத்துங்க."

"ஆள் குறைஞ்சிட்டா?"

"குறையாதுன்னு நான் எப்படிச் சொல்ல முதலாளி? எனக்குத் தெரியாது."

தெய்வநாயகம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, விலைப் பலகையில் சாப்பாட்டுக்கு நேரே இருந்த எண்ணை ஈரத்துணியால் அழித்தார்.

*

ஒரு மணி. எட்டு டேபிளும் நிறைந்துவிட்டன. நேற்று இருந்தவர்களில் பாதிப் பேர் இன்றும் இருந்தார்கள். சாப்பிட வந்தார்களா, பார்க்க வந்தார்களா தெரியாது.

சிதம்பரநாதன் தெருவில் வருவது தெரிந்தது. இருதயராஜ் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். உதடு அசைந்தது. டம்ளர்களிடம் சொன்னது.

தெய்வநாயகம் கல்லாவைத் திறந்தபடியே விட்டுவிட்டு எழுந்தார். கூட்ட நேரத்தில் அவர் எழுந்ததை யாரும் பார்த்ததில்லை. இருதயராஜைத் தாண்டிப் போய் வாசலில் நின்றார்.

"படியைக் கவனிங்க அண்ணாச்சி."

சிதம்பரநாதனின் முகம் சிவந்தது.

"என்ன வே! நீருமா?"

தெய்வநாயகம் ஒரு விரலைக் கீழே காட்டினார்.

சிதம்பரநாதனின் வலது கால் அந்தரத்தில் இருந்தது. அவர் குனிந்து பார்த்தார். ஈரக் கல். உடைந்த முனை. கால் மெதுவாக, உடையாத பக்கமாக இறங்கியது.



"மன்னிப்பு நான் கேக்கணும் அண்ணாச்சி," என்றார் தெய்வநாயகம். "ஆனா உங்ககிட்ட இல்ல."

அவர் திரும்பினார். இருதயராஜ் அதற்குள் மூன்றாம் டேபிளில் ஒதுக்கிவைத்த இடத்தில் இலை போட்டுவிட்டார். சிதம்பரநாதன் வந்து அதன் முன்னால் உட்கார்ந்தார். தண்ணீர் தெளித்தார். துடைத்தார். மறுபடி தெளித்தார்.

"சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர்," என்றார் இருதயராஜ். "வேற என்ன சார்?"

சிதம்பரநாதன் இலையைப் பார்த்தபடியே இருந்தார்.

"வேற... நேத்து நான் பேசினது," என்றார்.

"சாம்பார் ஊத்தட்டுமா சார்?" என்றார் இருதயராஜ்.

*

மறுநாள் காலை தெய்வநாயகம் மடத்தில் இருந்தார்.

"அவன் கேட்டதைக் குடுத்துட்டேன் சாமி. மத்த மூணு சப்ளையருக்கும் அதேதான். விலை ஏத்திட்டேன். நேத்து ராத்திரி ஆள் கொஞ்சம் குறைவு."

"மூச்சு?"

"உக்காரல சாமி. கொத்தனார் வந்துட்டான், படிக்குச் சிமென்ட் பூச."

சாமி தலையசைத்தார்.

"ஒண்ணு கேக்கணும் சாமி. மூணு வருஷம் முன்னால நீங்க என் மெஸ்ஸுக்கு வந்தீங்க. ரெண்டு இட்லி, ஒரு வடை. காசு வேண்டாம்னேன். கல்லா முன்னால நீங்க நிக்கும்போது கையெடுத்துக் கும்பிட்டு, உபதேசம் வேணும்னேன். 'கவனி'ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டுப் போயிட்டீங்க."

"ஆமா."

"மூச்சைன்னு நானாச் சேத்துக்கிட்டேன். எதைன்னு நான் கேக்கவே இல்லையே சாமி. எதைக் கவனிக்கச் சொன்னீங்க?"

சாமி அதைத் திருப்பிச் சொல்லவில்லை. தன் சொந்தக் குரலில் பேசினார். தெய்வநாயகம் அந்தக் குரலை அதுவரை கேட்டதில்லை. கொஞ்சம் கீச்சென்று, கூச்சப்படுகிற குரலாக இருந்தது.

"அப்போ என் பக்கத்துல யார் நின்னா?"

தெய்வநாயகம் கண்ணை மூடினார். கல்லா தெரிந்தது. சாமியின் வெறுங்கை தெரிந்தது. அந்தக் கைக்குப் பக்கத்தில் ஒரு சோம்புத் தட்டு தெரிந்தது. தட்டைப் பிடித்திருந்தவன், வாயைத் திறக்காமல், சாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்கிட்டக் காசு இல்ல நாயகம்," என்றார் சாமி. "அதான் உன்கிட்டச் சொன்னேன்."