அடைப்புக்கு அப்பால்

நல்லசிவமும் மருத்துவர்தான், வயதில் மூத்தவர். இருந்தும் தன்னைவிட இளையவரான இதய மருத்துவர் ரெபேக்காவிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார்.

அதற்கு முன் அவர் கையில் ஒரு பெண் இறந்துபோனாள். பைபாஸ் அறுவையில் அவளுக்கு வைத்த குழாய் வருஷங்களில் சுருங்கிவிட்டது. நல்லசிவம் அதற்குள் சிறு பலூனைச் செலுத்தி விரித்து அதைத் திறந்தார். திரையில் பாதை அழகாகத் தெரிந்தது. ஆனால் சுவரில் படிந்திருந்த கசடும் ரத்தக்கட்டியும் உடைந்து ஓடி, அப்பால் இருந்த நுண்குழாய்களை அடைத்துக்கொண்டன. பாதை திறந்திருந்தது. இதயத்துக்கு ரத்தம் போகவில்லை.

அன்றிலிருந்து அவர் கருவியைத் தொடவில்லை.

"என் கை எங்க தவறுச்சு மேடம்?"

ரெபேக்கா மறுநாள் பட்டியலைப் புரட்டினார். பிறகு, "நாளைக்கு ஜெபமணிக்கு இதே சிகிச்சை. நீங்க அவர் தலைமாட்டுல நில்லுங்க, போதும்" என்றார்.

ஜெபமணி பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மறுநாள் சிகிச்சை மேஜையில் விழித்தபடியே படுத்திருந்தார். நல்லசிவம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்றிருந்தது.

"பயமா இருக்கா?"

"இருக்கு டாக்டர். வெளிய சொல்லாதீங்க. ஸ்கூல் பிள்ளைங்க என்னைப் பார்த்துத்தான் பயப்படும்."

ரெபேக்கா மெல்லிய கம்பியை உள்ளே செலுத்தினார். அதன் நுனியில் மடித்த வலை ஒன்று இருந்தது. அடைப்பைத் தாண்டிப் போய்க் குடைபோல விரிந்தால், உடைந்து வருவதைப் பிடித்துக்கொள்ளும்.

வலை போகவில்லை. அடைப்பில் முட்டி நின்றது. ரெபேக்கா வெளியே இழுத்தார். மறுபடி அனுப்பினார். மறுபடியும் நின்றது.

நல்லசிவத்துக்குப் பொறுக்கவில்லை. "முதல்ல பலூனை விரிச்சிரலாமே மேடம்?"

"யாருக்கு அவசரம்?"

ஜெபமணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நல்லசிவம் குனிந்து, "ஒண்ணுமில்ல சார். மெதுவாப் பண்றாங்க" என்றார்.

ரெபேக்கா கம்பியின் நுனியைச் சற்றே வளைத்து அனுப்பினார். இந்த முறை வலை தாண்டிப் போய் விரிந்தது. அதற்குப் பிறகுதான் பலூனை எடுத்தார்.

பலூன் விரிந்ததும் ஜெபமணிக்கு நெஞ்சு வலித்தது. நல்லசிவத்தின் விரல்களை நெரித்தார். நல்லசிவம் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வலி வடிந்து, வெளுத்திருந்த உதட்டில் நிறம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

எல்லாம் முடிந்தபின் ரெபேக்கா வலையை வெள்ளைத் துணியில் தட்டினார். மஞ்சள் பொடியும் கருஞ்சிவப்புத் துணுக்குகளும் விழுந்தன.

நல்லசிவத்தின் கண் கலங்கியது. "அன்னைக்கு நான் வலையும் வைக்கல, திரையை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்ல மேடம்."

"எதைப் பார்த்தீங்க?"

"அடைப்பை மட்டும். அதுக்கு அப்பால எதையும் பார்க்கல."

"இன்னைக்கு?"

"ஜெபமணி முகத்தை."

ரெபேக்கா கையுறையைக் கழற்றினார்.

"அப்போ அடுத்தவருக்கு நீங்க பண்ணுங்க சார். நான் தலைமாட்டுல நிக்கிறேன்."