செம்பு மனிதனின் கட்டைவிரல்

மருத்துவர்களின் கையை நம்பாத ஓர் அரசன் வெகுகாலத்துக்கு முன் சீன தேசத்தில் இருந்தான். இது அவன் கதையல்ல. அவனுடைய ஆணையால் தன் ஊசிகளை இழக்கவிருந்த ஒரு பெண்ணின் கதை. கேளுங்கள்.

அந்த நாட்டில் வலிக்கு ஊசி குத்துவார்கள். மயிர் போல மெல்லிய ஊசி. தோள்வலிக்குக் காலில் குத்துவதும் உண்டு. இடம் தவறினால் வலி போகாது.

அரசன் செம்பில் ஒரு மனிதனை வார்க்கச் சொன்னான். மெய்க்காவலர்களில் மிக நெடியவனை நிறுத்தி அளவெடுத்தார்கள். ஊசி குத்தும் இடங்களில் எல்லாம் துளையிட்டார்கள். உள்ளே தண்ணீர் நிரப்பி, மேலே மெழுகு பூசித் துளைகளை மறைத்தார்கள். சரியான இடத்தில் குத்தினால் தண்ணீர் கசியும். நாட்டின் மருத்துவர்கள் எல்லாரும் தலைநகருக்கு வந்து அதில் குத்திக்காட்ட வேண்டும் என்று அரசன் ஆணையிட்டான். மூன்று முறை குத்தியும் கசியாவிட்டால், குத்தியவர் ஊசிகளை ஒப்படைத்துவிட்டுப் போகவேண்டும்.

யாவ் லின் ஆற்றங்கரையில் படகோட்டிகளுக்கு ஊசி குத்துகிறவள். துடுப்புப் போட்டுப் போட்டுத் தோள் இறுகிப்போனவர்கள் அவளைத் தேடித்தான் வருவார்கள். அந்தக் கரையில் வேறு மருத்துவர் இல்லை. ஆறு நாள் நடந்து தலைநகருக்கு வந்து சேர்ந்தாள்.

கையைத் தூக்க முடியாதவனுக்கு எங்கே குத்துவாய் என்று கேட்டார் தேர்வு அதிகாரி கோங். முழங்காலுக்குக் கீழே எட்டுக் கட்டைவிரல் அகலத்தில் என்றாள். சரி, குத்து என்றார்.

முதல் முறை கைப்பழக்கத்தில் குத்தினாள். தண்ணீர் வரவில்லை.

இரண்டாம் முறை தன் கட்டைவிரலை எட்டு முறை வைத்து அளந்து குத்தினாள். தண்ணீர் வரவில்லை. அந்தச் செம்பிலேயே ஆண்டுக்கணக்கில் குத்திப் பழகிய மாணவர்கள் சுற்றி நின்றார்கள். இவ்வளவு குத்தியும் மனிதர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே என்றான் ஒருவன்.

கோங் ஊசிகளை வாங்கத் தட்டை நீட்டினார். இன்னும் ஒரு முறை இருக்கிறது என்றாள் யாவ் லின்.

அவள் அவசரப்படவில்லை. கரையில் புதிதாக ஒருவர் வந்தால் முதலில் என்ன செய்வாள் என்று யோசித்தாள். கையைக் காட்டச் சொல்வாள். செம்பு என்பதால் இவரிடம் கேட்காமல் விட்டுவிட்டாள்.

ஒரு வைக்கோலைச் செம்பு மனிதனின் கட்டைவிரலுக்குக் குறுக்கே வைத்து, அதன் அகலத்துக்குக் கிள்ளினாள்.

“ஏம்மா, செம்புக்கு நாடி பார்க்கிறாயா?” என்றார் கோங்.

“இல்லை ஐயா. யார் உடம்போ, அவர் விரல்தான் அளவு. இவரை என் விரலால் அளந்தது என் தப்பு.”

வைக்கோல் துண்டை எட்டு முறை வைத்தாள். முன்பு குத்திய இடத்துக்கு வெகுவாகக் கீழே வந்தது. அங்கே குத்தினாள்.

தண்ணீர் நூலாக இறங்கி, கோங்கின் காலணியில் சொட்டியது. அவர் காலை நகர்த்தவில்லை. தூரிகை வரவழைத்துத் தேறியவர் பட்டியலில் அவள் பெயரை எழுதினார். பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பி, “நாளை உங்களுக்கு ஒரு குட்டையான ஆளை நிறுத்துகிறேன்” என்றார்.

பிறர் வலியைத் தீர்க்க வருகிறவர், தன் அளவை ஒதுக்கிவைத்து வலிப்பவருடைய அளவைக் கேட்டறிய வேண்டும்.