குளவி வழக்கு

ஒரு காலத்தில் செங்கானூர்ச் சீமையை மல்லதேவன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், மூக்கில் ஈ உட்காராதவரை. வேட்டைக்குப் போனவன் விளையாட்டாக, கதண்டு என்னும் பெருங்குளவியின் கூட்டில் அம்பு விட்டான். கூட்டமே திரண்டு வந்து அவன் மூக்கைப் பூசணிக்காயாக்கிவிட்டது. "இனி என் நாட்டில் ஒரு குளவி பறக்கக் கூடாது. காடு கழனியெல்லாம் கந்தகப் புகை போடுங்கள்!" என்று கத்தினான்.

அன்றே சோளக்காட்டுக்காரி நாச்சி, மந்திரி பூதலிங்கத்திடம் ஓடி வந்தாள்.

"சாமி, கொட்டுனது கதண்டு. எங்க காட்டுல இருக்கிறது கொசுவாட்டம் சின்னக் குளவிங்க. அது கூடு கட்டாது, ஆளைக் கொட்டாது. புழு உடம்புல முட்டை வைக்கும். குஞ்சு உள்ளேயிருந்தே புழுவைத் தின்னுரும். அதாலதான் சோளம் பொழைக்குது. புகையில அது செத்துரும், புழு குருத்துக்குள்ள ஒளிஞ்சுக்கும். இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க!"

பூதலிங்கம் போய்ச் சொன்னார். மந்திரி பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த, அரண்மனை ஓலை எழுதும் ராயசம் கோவிந்தப்பன் சபையிலேயே சிரித்தான். "குளவிக்கும் வக்காலத்தா? நிரூபிக்கட்டும் மகாராஜா. அதுவரை புகை நிற்க வேண்டாம்."

காலில் விழுந்து கெஞ்சியிருந்தால் ராஜா இரங்கியிருப்பான். ஆனால் அந்தச் சிரிப்பு பூதலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. சபை கைதட்ட ராயசத்தை மடக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது, பாவி மனுஷனுக்கு! நாச்சி காட்டிலிருந்து, குளவி முட்டை வைத்த புழு ஒன்றைப் பானையில் கொண்டுவந்தார். "பன்னிரண்டு நாள் ராயசமே இதை வளர்க்கட்டும். எதுவும் அண்டாமல் துணி கட்டிக் காக்கட்டும்."

கோவிந்தப்பன் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டான். பன்னிரண்டாம் நாள் சபையில் துணியை அவிழ்த்தான். புழு வெறும் தோலாகக் கிடந்தது. சின்னக் குளவிகள் பறந்து வந்து அவன் தலைப்பாகையில் உட்கார்ந்தன. ஒன்றுகூடக் கொட்டவில்லை.

"கதண்டு தன் வீட்டைத் தொட்டால் கொட்டும், மகாராஜா. இதற்கு வீடே அந்தப் புழுதான். ராயசம் வளர்த்ததும் இதைத்தான்!" என்றார் பூதலிங்கம்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் கட்டளைப்படி கோவிந்தப்பன் அந்தப் பானையைத் தலையில் சுமந்து ஊரைச் சுற்றினான். மந்திரிக்குத் தங்கக் காப்பு. புகையும் நின்றது.

காப்போடு பூதலிங்கம் நேரே நாச்சியிடம் போனார். காட்டில் மொட்டைத் தட்டைகள் மட்டுமே நின்றன. இலையும் கதிரும் புழுவுக்குப் போயிருந்தன.

"ராசா சிரிச்சாரா சாமி?"

"சிரிச்சார்."

"நீங்க பன்னெண்டு நாள் வேடிக்கை காட்டுனீங்க. பன்னெண்டு நாளும் இங்க புழு தின்னுச்சு."

அவர் காப்பைக் கழற்றி நீட்டினார். நாச்சி கையை நீட்டவில்லை.

"சீமை முச்சூடும் இதே கதிதான். யாருகிட்டப் போயி தானியம் வாங்க? இதை அரைச்சாக் கூழாகுமா சாமி?"

அந்தப் பானைக் கதையைச் சொல்லிச் செங்கானூர் அரண்மனையில் வெகுகாலம் சிரித்தார்கள். நாச்சி வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை.