அச்சில் போட்ட கரி

“டீச்சர், என்ற வண்டியில யாரோ கைய வெச்சுட்டாங்க.”

கவின் மூச்சு வாங்க வந்து நின்றான். கையில் அவனே மரக்கட்டையில் செதுக்கிய குட்டிக் கார்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் போட்டி. சரிவுப் பலகையின் உச்சியில் வைத்து விட்டுவிட வேண்டும். மோட்டார் கிடையாது. முதலில் கீழே வருவது ஜெயிக்கும். பதினேழு வயது வரைதான் சேர்க்கிறார்கள், அவனுக்கு இதுவே கடைசி வருஷம்.

பிரேமலதா டீச்சர் இளைஞர் மன்றத்தில் மரவேலை சொல்லித் தருபவர். குரு என்றால் தாடியும் மௌனமும் எதிர்பார்ப்பவர்கள் வேறு இடம் பார்க்கலாம். அவர் அப்போது நின்றபடியே பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

“என்னாச்சு கண்ணு?”

“நேத்து சுத்திவிட்டா சக்கரம் நிக்காம ஓடுச்சுங்க. இப்பப் பாருங்க.”

சுண்டிவிட்டான். சக்கரம் சோம்பலாகச் சுற்றி நின்றது.

“அச்சுல போட்ட கரித்தூளக் காணோமுங்க.”

பென்சில் கரியைப் பொடித்து அச்சில் தூவினால்தான் சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடும். முந்தின மாலையே எல்லாரும் தூவி, எடை போட்டாயிற்று. அதன்பிறகு எதையும் சேர்க்கக் கூடாது என்பது விதி.

“யாரு மேல சந்தேகம்?”

“கோகிலாதானுங்க.”

கோகிலா போன வருஷம் ஜெயித்தவள். அவள் வண்டி நேற்று வைத்த இடத்திலேயே, மேஜைமேல் துணி போர்த்திக் கிடந்தது.

“கண்ணால பாத்தியா?”

“இல்லீங்க. ஆனா காலைல என்னப் பாத்துச் சிரிச்சா. அவ சிரிக்கிற ஆளே இல்லீங்க.”

“உன்ற வண்டி எங்க இருந்துச்சு?”

“என்றகிட்டயேதானுங்க. தலமாட்டுல வெச்சுட்டுத்தான் படுத்தேன். பஸ்ஸுல மடியில வெச்சுட்டு வந்தேன். யாராச்சும் தொட்டுட்டாங்களான்னு சக்கரத்தச் சுத்திச் சுத்திப் பாத்துட்டேதான் இருந்தேன். அப்படியும் வேலையக் காட்டிட்டா பாருங்க.”

சொல்லும்போதே இன்னொரு தடவை சுண்டிப் பார்த்துக்கொண்டான்.

“ஆளக் கண்டுபிடிச்சா என்ன பண்ணலாம்?”

“போட்டிய விட்டே தூக்கோணுமுங்க.”

டீச்சர் பஜ்ஜி எண்ணெயைக் கைக்குட்டையில் துடைத்தார்.

“கரிய எடுத்தவங்க கையில கரி இருக்கோணும். கோகிலா, இங்க வா. கையக் காட்டு.”

கோகிலா இரண்டு கையையும் விரித்தாள். மருதாணி. கவின் குனிந்து நகக்கண் வரை பார்த்தான். வழி இருந்தால் மருதாணிக்கு அடியிலும் தேடியிருப்பான். கரி இல்லை.

“கழுவிட்டு வந்திருப்பாளுங்க.”

“இருக்கலாம். உன்றதக் காட்டு.”

“நானுங்களா? பறிகொடுத்தவனே நானுங்க!”

“காட்டு.”

வண்டியை மேஜைமேல் வைத்துவிட்டு வலது கையை நீட்டினான். நேற்றுத் தூவி முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவிய கை. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் கருகருவென்று மினுங்கின.

அவன் விரலைப் பார்த்தான். சக்கரத்தைப் பார்த்தான். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக அழுகை வந்தது.

டீச்சர் கைக்குட்டையை அவன் பக்கம் நீட்டினார்.

மைக்கில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். வண்டியைத் தூக்கக் கை போனது. பாதியில் நின்றது.

“கோகிலா,” என்றான். “என்ற வண்டிய நீயே கொண்டுபோய் வெச்சிரு.”