மூன்றாவது கம்பி

பேட்டரி, சுவிட்சு, விளக்கு என்று கம்பி கட்டும் வேலையை உலகம்மாள் டீச்சரிடம் படித்தவர்களில் வயதில் பெரியவர் மாசிலாமணி. டீச்சருக்கு நாற்பது. அவருக்கு ஐம்பத்தெட்டு. மில் வேலை முடிந்து, வீட்டில் சும்மா உட்கார முடியாமல் வந்து சேர்ந்தவர். ஆறே மாதத்தில் ஊர் மெச்சும் கைக்காரர் ஆகிவிட்டார். அந்த மெச்சல்தான் மனுஷரைக் கெடுத்தது.

அன்று காலை ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு டீச்சரின் கொட்டகைக்கு வந்தார். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"டீச்சர், நான் பாவியா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

டீச்சர் கையில் இருந்த, கம்பி வெட்டும் குறட்டைக் கீழே வைத்தார்.

"என்ன நடந்துச்சுன்னு உங்க வாயால சொல்லுங்க."

நடந்தது ஊருக்கே தெரியும். செல்லச்சாமி தூர் வார இறங்கிய கிணறு அறுபதடி ஆழம். அடியில் கெட்ட காற்று தங்கும் கிணறு. அதற்காகத்தான் மாசிலாமணி செய்து கொடுத்த விசிறி இருந்தது. அது கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் தொங்கும். குழாய் வழியாக மேலிருந்து நல்ல காற்றை இழுத்துக் கீழே தள்ளும். பேட்டரியும் சுவிட்சும் ஒரு பச்சை விளக்கும் உள்ள பெட்டி கிணற்று மேட்டில் இருக்கும். விளக்கு எரிந்தால் உள்ளே காற்று போகிறது என்று பேச்சு. கீழே இறங்கிய செல்லச்சாமியும் அதை நம்பினான். மேலே பெட்டிக்குக் காவல் இருந்த அவன் மனைவி முப்பிடாதியும் நம்பினாள்.

"பாறை விளிம்புல உரசி ஒயர் அறுந்துபோச்சு டீச்சர். விசிறி நின்னுடுச்சு. கடப்பாறைச் சத்தத்துல அவனுக்கு அது தெரியல. மூச்சு முட்டவும், 'காத்து வருதா'ன்னு கீழேருந்து கேட்டிருக்கான். அவ விளக்கைப் பாத்துட்டு, 'பச்சை எரியுது, வருது'ன்னு சொல்லியிருக்கா. மறுபடியும் கேட்டிருக்கான். மறுபடியும் பாத்துச் சொல்லியிருக்கா. மூணாவது தடவை அவன் கேக்கல."

டீச்சர் கேட்டார்:

"ஒயர் அறுந்தா விளக்கு அணையணுமே?"

மாசிலாமணி பெட்டியை டீச்சர் முன்னால் வைத்தார்.

டீச்சர் பெட்டியின் திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்த்தார். விசிறிக்குப் போக இரண்டே கம்பிகள். விளக்கு, சுவிட்சோடு சேர்த்துக் கட்டியிருந்தது.

"நான் சொல்லிக் கொடுத்த மூணாவது கம்பி எங்க அண்ணாச்சி?"

அந்தக் கம்பி விசிறியின் வாயில் இருக்கும் மெல்லிய தகட்டிலிருந்து மேலே வர வேண்டியது. காற்று அடித்தால் தகடு எழும்பித் தொடும், விளக்கு எரியும். காற்று நின்றால் தகடு விழும், விளக்கு அணையும்.

"முதல்ல அப்படித்தான் கட்டினேன். தகட்டுல தூசி ஒட்டினாக்கூட விளக்கு அணையுது. அணையுற ஒவ்வொரு தடவையும் ஆளு மேலே ஏறி வர வேண்டியிருக்கு. 'என்ன அண்ணாச்சி, உம்ம பெட்டி மக்கர் பண்ணுது'ன்னு திருப்பிக் கொண்டாந்தாங்க. எனக்கு மானக்கேடாப் போச்சு. அதான் விளக்கை சுவிட்சுல கட்டிட்டேன். சுவிட்சைப் போட்டா எரியும். அதுக்கப்புறம் ஒருத்தர்கூடக் குறை சொல்லல."

"எத்தனை பெட்டி?"

"ஆறு. மீதி அஞ்சையும் வீடு வீடாப் போய் வாங்கிட்டேன். பெல்ட்டு மாத்தணும், பேட்டரி மாத்தணும்னு ஏதோ சொல்லி வாங்கிட்டேன். இனிமே ஒரு உசுரு போகாது டீச்சர்."

"ஊர்ல என்ன பேசிக்கிறாங்க?"

இந்தக் கேள்வி மட்டும் வந்துவிடக் கூடாது என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்திருந்தார். வந்துவிட்டது.

"ஓடி வந்த கூட்டத்துல ஒருத்தரும் பெட்டியைப் பாக்கல. முப்பிடாதி சரியாப் பாக்கலைன்னு பேசிக்கிறாங்க. விளக்கு எப்பவோ அணைஞ்சிருக்கும், இவ எங்கயோ பராக்குப் பாத்துட்டு இருந்திருப்பான்னு. செல்லச்சாமியோட ஆத்தா அவளை வீட்டுக்குள்ள சேக்கல. நேத்து எங்கிட்ட வந்தா. 'விளக்கு எரிஞ்சுதே அண்ணாச்சி, என் கண்ணால பாத்தேனே. எல்லாரும் இல்லைங்கிறாங்க. எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சா'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

சொல்லி முடித்ததும் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. டீச்சர் இரண்டு வார்த்தை திட்டினால் தேவலை என்று நினைத்தார். அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

டீச்சர் திட்டவில்லை. பெட்டியைத் திரும்ப மூடி, திருகாணிகளை முடுக்கினார். கொட்டகையில் கிடந்த ஒரு சின்ன விசிறியை எடுத்து, நீளமான ஒயரால் பெட்டியோடு இணைத்தார். சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றியது, பச்சை எரிந்தது. சுவிட்சை நிறுத்தி, எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்து, மேலே குறட்டையும் போட்டு அவரிடம் நீட்டினார்.

"முப்பிடாதி கிட்ட போங்க. அவ மாமியாரையும் கூப்பிடுங்க. ஊர்க்காரங்க எத்தனை பேரு வந்தாலும் நிக்கட்டும். சுவிட்சைப் போட்டுட்டு, விளக்கை விட்டுக் கண்ணை எடுக்காதேன்னு முப்பிடாதி கிட்ட சொல்லுங்க. அப்புறம் குறட்டைக் கொடுத்து, அவ கையாலயே ஒயரை வெட்டச் சொல்லுங்க."

மாசிலாமணி பையை வாங்கவில்லை.

"நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல டீச்சர்."

டீச்சர் பையை நீட்டியபடியே நின்றார்.

"வெட்டினதுக்கு அப்புறமும் விளக்கு எரியும். அதை எல்லாரும் பாப்பாங்க. மொத்த ஊரும் என் மேல திரும்பிடும் டீச்சர்."

"இப்ப அது அவ மேல திரும்பி நிக்குது, அண்ணாச்சி."