ஆடியில் கிளம்பிய தீவு

முன்பு ஒரு கடலில் ஊர் சுற்றும் மணல் இருந்தது. ஆடிக்காற்று வந்தால் அலையின் தோளில் ஏறி வடகரைக்குப் போகும். ஐப்பசி மழைக்குத் தெற்கே திரும்பும். இடையில் வடகரையின் மடியில் மாதக்கணக்கில் தங்கும். அந்த மடியில்தான் படகு ஏறி உட்காரும்.

ஒரு தையில் பெரிய கப்பல் வந்தது. குழாயை விட்டு, இளநீர் குடிப்பதுபோல் மணலை உறிஞ்சிக் கடலுக்குள் கட்டிவந்த கருங்கல் வளையத்துக்குள் துப்பியது.

"இனி நீங்கள் மணல் இல்லை, தீவு" என்றது கப்பல், கல்யாண மண்டபத்து மைக் குரலில். "உங்கள் மேல் அடுக்குமாடி, பூங்கா, நீச்சல்குளம் எல்லாம் வரும்."

"கடலுக்கு நடுவுல நீச்சல்குளமா?" என்றது படகு. "நல்லா இருக்கு அண்ணே, நடத்துங்க."

வாதம் முற்றியது. நகரத்துக்கு மூச்சு முட்டுகிறது, அது வேறு எங்கே போகும் என்று கப்பல் கேட்டது. மணல் நடக்காவிட்டால் வடகரை கரைந்துபோகும், நான் எங்கே ஏறுவது என்று படகு கேட்டது. இரண்டும் நியாயமான கேள்விகள். மணலைத்தான் யாரும் கேட்கவில்லை.

அதில் ஒரு பங்கைச் சிமெண்ட் தன்னோடு பிசைந்து சுவராக இறுக்கிக்கொண்டது. மிச்சம் உள்ளே கிடந்து பழையதைப் பேசியது: நண்டு தோண்டிய வளை, இழுத்துப் போட்ட வலையின் ஈரம், படகு ஏறும்போது முதுகில் உண்டாகும் கூச்சம்.

ஆடி மணலுக்குக் காத்திருந்த வடகரையின் கடைசித் தென்னை வேரை ஆனியில் அலை நக்கியது. ஏற இடமில்லாமல் படகு வெளியே நங்கூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

வளையத்தில் ஒரே ஓர் இடைவெளிதான் பாக்கி. அடைத்துவிடலாம் என்று சிமெண்ட் அவசரப்பட்டது. கப்பல் பஞ்சாங்கம் பார்க்கும் மாமாவின் குரலுக்கு மாறியது.

"நாளைக்கு ஆடி பிறக்குதுப்பா. ஆடியில யாராவது நல்ல காரியம் பண்ணுவாங்களா? ஆவணியில வெச்சுக்கலாம்."

மணலுக்கு ஆடிதான் முகூர்த்தம் என்பது கப்பலுக்குத் தெரியாது. காற்று வந்து ஒரு குரல் கொடுத்தது. இடைவெளி வழியே தீவு எழுந்து நடந்தது.

ஆவணியில் மாலையும் மைக்குமாக வந்த கப்பல், கருங்கல் வளையத்துக்குள் தண்ணீரைப் பார்த்தது.

"நீச்சல்குளம் ரெடி அண்ணே" என்றது படகு, வடகரையில் ஏறி உட்கார்ந்தபடி.

வடகரை சிரிக்கவில்லை. வந்த மணலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மத்தவங்க எங்கே?"

"சிமெண்டுல இருக்காங்க" என்றது மணல். "காத்து கூப்பிட்டது அவங்களுக்கும் கேட்டுச்சு."