பின்னால ஊத்தின தண்ணி

திரும்பியே படுத்துக்கோ, பரவால்ல. செவுத்தப் பாத்துக்கிட்டே கேளு. பெரியம்மா மேல கோவம்னா கோவம்தான், அதுக்காகக் கதை சொல்லாம இருக்க முடியுமா. நீ பேச வேணாம் செண்பா, "ம்" மட்டும் கொட்டு. அதுவும் மாட்டியா? சரி, நான் பாட்டுக்குச் சொல்றேன், நீ பாட்டுக்குப் படு.

எதுக்குக் கோவம்னு எனக்குத் தெரியும். காலைல உங்கம்மா பெட்டியத் தூக்கிக்கிட்டு ஆட்டோவுல ஏறினா. ஆட்டோ தெருமுனை திரும்பல, நான் ஒரு சொம்புத் தண்ணியக் கொண்டாந்து வாசல்ல சளார்னு ஊத்தினேன். கோடிவீட்டு தனபாக்கியம் அதப் பாத்துட்டா. ஊருக்குப் போறவ பின்னாடியே வாசலக் கழுவுறியே, அவ திரும்பி வர வேணாமான்னு உன் காதுல விழற மாதிரியே கேட்டுட்டுப் போயிட்டா. வாயி மட்டும் இல்லன்னா அவள நாய் தூக்கிட்டுப் போயிடும். அதுலேர்ந்து நீ சரியாச் சாப்பிடல, என் மூஞ்சியப் பாக்கல. அந்தத் தண்ணிக்குத்தான் இன்னைக்குக் கதை. கேட்டுட்டு அப்புறமும் கோவம் இருந்தா இருந்துக்கோ.

ஒரு ஊர்ல ஒரு அக்கா, ஒரு தங்கச்சி. கடலோர ஊரு. பெத்தவ சீக்கிரமே போய்ச் சேந்துட்டா. தங்கச்சிக்கு அம்மா மொகமே ஞாபகமில்ல. அக்காதான் தல வாரிவிட்டு, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி ஆளாக்கினா. அந்த ஊர்ல பிரெஞ்சு சொல்லிக்குடுக்கற பள்ளிக்கூடம் இருந்துச்சு. தங்கச்சி அதுல படிச்சு கடகடன்னு பிரெஞ்சு பேசுவா. பொண்ணுங்களுக்கு நகை ஆசை இருக்கும், சேலை ஆசை இருக்கும். இவளுக்கு பஸ்ஸுல ஜன்னலோர சீட்டு ஆசை. எங்கயாவது போய்க்கிட்டே இருக்கணும்.

அப்புறம் என்ன, வேலைக்குப் போனா, காசு சேத்தா, ஒருநாள் அக்காகிட்ட வந்து நின்னு, "அக்கா, நான் துனீசியா போறேன்"னா. அது எங்கடி இருக்குன்னு அக்கா கேட்டா. ஆப்பிரிக்காவுல வடக்குக் கோடியாம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பாலைவனம். அக்கா அன்னைக்குப் பூரா பேசல. உன்ன மாதிரியே செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்டா. ஆனா மறுநாள் அவதான் பெட்டியில முறுக்கு கட்டி வெச்சா.

ம் சொல்லு. சொல்ல மாட்ட. சரி.

அப்போ அந்தத் தங்கச்சி பாலைவனத்து ஓரமா ஒரு பஸ்ஸுல போய்க்கிட்டிருக்கா. ஜன்னலோர சீட்டுதான். திடீர்னு வெளிய ஆகாசம் மஞ்சளாச்சு. அப்புறம் செவப்பாச்சு. அப்புறம் ஹூஊஊஊன்னு ஒரு காத்து. மணலு சரசரசரன்னு கண்ணாடியில வந்து அடிக்குது. எதுத்தாப்புல ரோடு தெரியல. டிரைவரு ஒரு குட்டி ஊர்ல வண்டிய ஓரங்கட்டிட்டு, காத்து ஓயற வரைக்கும் நகர முடியாதுன்னுட்டாரு. அந்த ஊருக்குப் பேரு பீர் நக்லா. கொஞ்சம் பேரீச்ச மரம், ஒரு மசூதி, மண்ணு நிறத்துல செங்கல்லு வீடுங்க, அவ்ளோதான். கூட வந்தவங்க எல்லாம் அவங்கவங்க தெரிஞ்ச வீட்டுக்கு ஓடிட்டாங்க. இவளுக்கு யாரத் தெரியும்? முந்தானையால, இல்ல இல்ல, துப்பட்டாவால மூஞ்சிய மூடிக்கிட்டு நடக்கறா.

மொதல்ல ஒரு லாட்ஜு. கதவ ஆட்டு ஆட்டுன்னு ஆட்டிப் பாத்தா, பெரிய பூட்டுதான் கடகடன்னுச்சு. அப்புறம் ஒரு டீக்கடை. உள்ள பூரா ஆம்பளைங்க, சீட்டு விளையாடிக்கிட்டிருக்காங்க. நல்லவங்கதான், இவளப் பாத்ததும் ஒரு நாற்காலியக் காலி பண்ணாங்க. இவளுக்குத்தான் ஒரு மாதிரி இருந்துச்சு. கடைக்காரரு புரிஞ்சுக்கிட்டு, எதிர்த்தெருவுல ஒரு நீலக் கதவக் கை காட்டி, அங்க போய்த் தட்டும்மான்னாரு.

போனா, அந்தக் கதவுல ஒண்ணு இல்ல, மூணு வளையம். நம்ம வீட்டுக் கதவுல நாதாங்கி இருக்கே, அந்த மாதிரி இரும்புல. ஒண்ணு பெருசு, ஒண்ணு நடுத்தரம், ஒண்ணு கீழ, குட்டியூண்டு.

இவ பெரிய வளையத்தப் புடிச்சுத் தட்டினா. டொம், டொம். யாரும் வரல. நடு வளையத்தத் தட்டினா. டங், டங். யாரும் வரல. காத்து ஹூஊஊன்னு இவளத் தள்ளுது. கண்ணுல மணலு, வாயில மணலு. அப்போ இவ குந்திக்கிட்டு அந்தக் குட்டி வளையத்தத் தட்டினா. டிக் டிக் டிக்.

உள்ள ஏதோ பாத்திரம் டமார்னு விழுந்துச்சு. தபதபதபன்னு ஓடி வர சத்தம். கதவு படார்னு தொறந்துச்சு. ஒரு வயசான அம்மா. அந்தம்மா நேராப் பாக்கல. கீழ பாத்தாங்க. முழங்கால் ஒசரத்துல தேடினாங்க.

ஆங், இப்பதான் இந்தப் பக்கம் திரும்பற. ஏன் கீழ பாத்தாங்கன்னு கேக்கற, அதான? சொல்றேன். அந்த ஊர்ல பெரிய வளையம் ஆம்பளைங்க தட்டறது. நடு வளையம் பொம்பளைங்க தட்டறது. குட்டி வளையம் கொழந்தைங்க தட்டறது. சத்தத்த வெச்சே யார் வந்திருக்காங்கன்னு தெரிஞ்சுக்குவாங்க. அந்தம்மா வீட்ல ஆம்பள கிடையாது, அதனால டொம்முக்கு எந்திரிக்கல. பக்கத்து வீட்டுப் பொம்பளையோட அன்னைக்குச் சண்டை, அதனால டங்குக்கும் எந்திரிக்கல. டிக் டிக்குக்குத்தான், பழைய பழக்கத்துல கீழ பாத்துக்கிட்டே ஓடி வந்தாங்க. ஏன்னா அந்தம்மாவுக்கு ஒரே பொண்ணு. ஹயாத்துன்னு பேரு. அவ வளந்து பெரியவளானப்புறமும் குறும்புக்கு அந்தக் குட்டி வளையத்தத்தான் தட்டுவாளாம். கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனவ வரவே இல்ல. அந்த வளையம் சத்தம் போட்டு வருஷக்கணக்காச்சு.

ம் கொட்டிட்டியா? இல்லையா? காத்துதானா. சரி.

அந்தம்மா பேரு மப்ரூக்கா. அரைகுறையாப் பிரெஞ்சு வரும். வாசல்ல வேற ஒருத்தி நிக்கறான்னு தெரிஞ்சும் அவங்க கதவச் சாத்தல. "உள்ள வா மகளே"ன்னாங்க. மகளேன்னு இவள அதுவரைக்கும் யாரும் கூப்பிட்டதில்ல. அக்கா கூப்பிட்டா, அடியே, எருமை, இப்படித்தான் கூப்பிடுவா. அக்காவுக்கு வேற தெரியாது.

அப்புறம் காத்து ஓயவே இல்ல. இவ அங்கயே தங்கிட்டா. அந்தம்மா ரவை உப்புமா மாதிரி ஒண்ணு கிண்டி, மேல ஆட்டுக்கறிக் குழம்ப ஊத்தி, பக்கத்துல செக்கச்செவேல்னு மொளகாத் தொவையல் வெப்பாங்களாம். நம்மாளு தொவையல வழிச்சு வழிச்சுத் தின்னத அந்தம்மா கன்னத்துல கை வெச்சுப் பாத்துக்கிட்டே இருப்பாங்களாம். ஹயாத்து படுத்த கட்டில்ல படுக்க வெச்சாங்க. மணலு ஏறின தலைய அலசிவிட்டு, ஆலிவ் எண்ணெ தேய்ச்சு, சிக்கெடுத்து, இறுக்கி ரெட்டைச் சடை பின்னி விட்டாங்க. இவ குனிஞ்சு உக்காந்துக்கிட்டு, அம்மான்னா இப்படித்தான் இருப்பாங்க போலன்னு நெனச்சாளாம். ஊருக்கு வந்து அக்காகிட்ட இதச் சொன்னப்போ அக்காவுக்கு வயிறு எரிஞ்சுது. எரியாதா? இத்தன வருஷம் அந்தத் தலையில சிக்கெடுத்தது யாரு?

சரி, கதைக்கு வரேன். ஒருநாள் காலைல காத்து நின்னு போச்சு. ஆகாசம் நீலமா இருக்கு. பாம் பாம்னு பஸ்ஸுக்காரன் கூப்பிடறான். அந்தம்மா ஒரு பை நெறையப் பேரீச்சம்பழம் குடுத்தாங்க, கட்டிப் புடிச்சாங்க. நாம போறேன்னு சொல்ல மாட்டோமில்ல? போயிட்டு வரேன்னுதான சொல்லுவோம்? இவ அதப் பிரெஞ்சுல கஷ்டப்பட்டுக் கோத்து, "போயிட்டு, வரேன்"னு சொன்னா. சொல்லிட்டுப் படியெறங்கி நடந்தா.

அப்போ பின்னாடி, சளார்.

குதிகால்ல ஜில்லுன்னு பட்டுச்சு. திரும்பிப் பாத்தா, அந்தம்மா கையில காலிக் குடம். வாசப்படி பூராத் தண்ணி ஓடுது. இவ பாக்கப் பாக்கவே கதவச் சாத்திட்டாங்க.

நீ காலைல என்னப் பாத்தியே ஒரு பார்வை, அதே பார்வைதான் இவளும் பாத்திருப்பா. நம்ம ஊர்ல ஊருக்குப் போனவங்க போய்ச் சேர்ற வரைக்கும் வாசலப் பெருக்கக்கூட மாட்டோம். வீட்ட உடனே கழுவி விடறது எதுக்கு? பொணம் எடுத்தாத்தான் கழுவறது. அது ஒண்ணு. இன்னொண்ணும் இருக்கு. சில பேரு வந்துட்டுப் போனா, அவங்க உக்காந்த எடத்துல தண்ணி தெளிக்கற வீடுங்க நம்ம ஊர்லயும் உண்டு. எங்கம்மாவ அப்படி ஒரு வீட்ல பண்ணியிருக்காங்க. அதெல்லாம் நீ பெரியவளானதும் சொல்றேன். இவளுக்கு ரெண்டும் சேந்து ஞாபகம் வந்துச்சு. மகளேன்னு கூப்பிட்ட வாயி, சடை பின்னின கை, கடசியில இப்படிக் கழுவி விட்டுட்டாங்களேன்னு நெனச்சா. ஒரு வார்த்தை கேக்கல. போன் நம்பரு வாங்கல. பேரீச்சம்பழப் பைய பஸ் சீட்டுலயே வெச்சுட்டு எறங்கிட்டா. ஊருக்கு வந்து அக்கா மடியில படுத்துக்கிட்டு, "அந்தம்மா என்னத் தலைமுழுகிட்டாங்கக்கா"ன்னு அழுதா. அதுக்கப்புறம் அந்த ஊர்ப் பேச்சே எடுக்கல.

அப்புறம் கல்யாணம். அப்புறம் ஒரு கொழந்தை. அப்புறம் பிரெஞ்சுக்காரங்களுக்கு ஊரச் சுத்திக் காட்டற வேலை.

என்ன? உங்கம்மா மாதிரியே இருக்கா? மாதிரி என்னடி மாதிரி. உங்கம்மாவேதான். இவ்ளோ நேரம் கழிச்சு இப்பதான் தெரிஞ்சுதா உனக்கு?

போன மார்கழியில உங்கம்மா சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போனவங்கள்ல துனீசியாக்காரப் பொம்பளை ஒருத்தங்க இருந்தாங்க. அவங்க தங்கச்சி மட்டும் முன்னாடியே ஊருக்குக் கெளம்பறா. காரு நகந்ததும் அந்தப் பொம்பளை கையிலிருந்த தண்ணி பாட்டில அப்படியே ரோட்டுல ஊத்தினாங்க. உங்கம்மாவுக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. ஏங்க இப்படின்னு கேட்டா. அந்தப் பொம்பளை சிரிச்சுக்கிட்டே சொன்னாங்களாம், "தண்ணி மாதிரி தடையில்லாமப் போ, தண்ணி மாதிரி திரும்பி வா. வந்தே ஆகணும்னு நெனக்கிறவங்களுக்குத்தான் ஊத்துவோம்."

அன்னைக்கு உங்கம்மா வீட்டுக்கு வந்து செருப்பக்கூடக் கழட்டல. அடுப்படியில வந்து நின்னுக்கிட்டு, "அக்கா, அவங்க என்ன வரச் சொல்லித்தான் ஊத்தினாங்க. நாம வாயால சொல்றத அவங்க குடத்தால சொல்லியிருக்காங்க. எனக்குத்தான் தெரியல"ன்னா. பாலைவனத்து ஊர்ல, செண்பா, ஒரு குடம் தண்ணிய வெறும் தெருவுல ஊத்தறதுன்னா சும்மாவா? கதவச் சாத்தினதுகூட, அழற மூஞ்சியக் காட்டக் கூடாதுன்னுதான் இருக்கும். அது என் கணக்கு.

இத்தன வருஷமா அந்தம்மா குட்டி வளையச் சத்தத்துக்குக் காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. முன்னாடி ஒரு பொண்ணுக்காக. அப்புறம் ரெண்டு பொண்ணுக்காக. அந்த வளையத்தத் தட்டத்தான் உங்கம்மா போயிருக்கா. வேற எதுக்கும் இல்ல.

அந்தப் பாட்டி இப்ப இல்லன்னாவா? இல்லன்னாலும் தட்டுவா. தட்டிட்டு வருவா. தட்டாமயே இருந்துட்டோமேன்னு இருக்கறதுதான் கஷ்டம்.

உங்கம்மாதான் ராத்திரியே சொல்லி வெச்சா, நான் கெளம்பினதும் ஒரு சொம்புத் தண்ணி ஊத்துக்கான்னு. எனக்கு மட்டும் மனசு வந்துச்சுன்னா நெனக்கிற? பொறந்ததுலேர்ந்து செய்யக் கூடாதுன்னு கேட்டு வளந்தவ நான். பாதி என் சேலையிலதான் கொட்டுச்சு. ஆனாலும் ஊத்தினேன். எனக்கும் அவ வரணும்டி. உனக்கு அம்மா அவ. எனக்கு யாரு? நான் வளத்த புள்ள.

எங்கடி எந்திரிக்கற? பாத்ரூமா? அந்த டம்ளர எதுக்கு எடுக்கற, குடிக்கத்தான உனக்கு வெச்சேன்?

ஓ. நான் ஊத்தினது எனக்காம். நீ ஊத்தினாத்தான் உனக்கு வருவாளாம். அதுவும் சரிதான். வா, நாதாங்கிய நான் எடுக்கறேன், உனக்கு எட்டாது. செருப்பு வேணாம். தனபாக்கியம் பாத்தாப் பாக்கட்டும். டம்ளர ரெண்டு கையாலயும் புடி. இந்நேரம் எந்த ஊரு மேல பறக்கறாளோ. எந்தத் திசைன்னு கேக்கற, எனக்கு என்னடி தெரியும், ஆட்டோ திரும்புச்சு பாரு, அந்த மொனையப் பாத்து ஊத்து.

சளார்.

ம். சொல்லிட்ட. கேட்டுச்சு.

வா, கால் தொடச்சுக்கிட்டுப் படு. இந்தப் பக்கமே திரும்பிப் படு. தண்ணி தெருவுக்குப் போச்சு, தெரு கடலுக்குப் போச்சு, கதை உன் கண்ணுக்குள்ள போச்சு. மூடிக்கோ. வாசக்கதவுக்குத் தாழ் போடல, சும்மா சாத்தித்தான் வெச்சிருக்கேன்.